நாற்பத்திரண்டு வேளை

மார்ச் 2, திங்கள்

காலை வழிபாடு முடித்து மருத்துவமனைக்குச் சென்றேன். இதயத்துக்குச் செல்லும் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. அடுத்த செவ்வாயன்று மார்பைத் திறந்து சரிசெய்வார்களாம். மருத்துவருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். "பயப்படாதீங்க ஐயா, இதெல்லாம் இப்ப சாதாரணம்" என்றார். நெஞ்சைப் பற்றி எனக்கு அச்சமில்லை. எழுபத்தாறு ஆண்டு ஓயாமல் உழைத்த உறுப்பு. சற்று நின்று மூச்சுவிட அதற்கும் உரிமை உண்டு. நான் இல்லாத மூன்று வாரமும் என் மனைவி எதை உண்பாள் என்பதே என் அச்சம்.

இவளுக்கு நினைவு தளரத் தொடங்கி இரண்டாண்டு ஆகிறது. மகனைச் சில நாள் அறிவாள். என்னைப் பெரும்பாலும் அறிவாள். கடைச் சோற்றை மட்டும் எந்நாளும் தொடமாட்டாள். சென்ற மாதம் மகன் வாங்கி வந்த பொட்டலத்தைத் திறந்து முகர்ந்துவிட்டு, "யாரு வீட்டுச் சாப்பாடு இது? பாவம், அவங்க தேடிட்டிருப்பாங்க. போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

மாலையில் மகன் வந்தான். சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, அம்மாவப் பாத்துக்க ஒரு ஆள் போட்டுடலாம். ஆனா அந்தம்மா சமைக்க மாட்டாங்க. இருக்கறதச் சூடு பண்ணிக் குடுப்பாங்க, அவ்வளவுதான். அம்மா சாப்பிட்டா வீட்டுலயே இருக்கட்டும். சாப்பிடலன்னா முதியோர் இல்லந்தான். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. வேற வழி தெரியலப்பா."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஒரு வழி தோன்றியிருக்கிறது. சமைத்து, உறையவைத்துவிட்டுப் போவது. காலையில் இவளுக்குப் பாலும் ரொட்டியும் போதும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, இருபத்தொரு நாள். நாற்பத்திரண்டு வேளை.

ஆனால் நெறி ஒன்று குறுக்கே நிற்கிறது. எங்கள் வீட்டில் நேற்றைய உணவு இன்று இருந்ததில்லை. சமைத்ததை இறைவன் திருமுன் வைத்த பிறகே உண்போம். வைப்பதற்கு முன் சமைத்தவர் நாவில் இட்டுப் பார்ப்பதும் கிடையாது. நாற்பத்தெட்டு ஆண்டு இவள் ஒரு சொட்டும் சுவைத்துப் பாராமல் கையளவிலேயே சமைத்தவள். உப்பு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. தன் பசியை முந்தவிடாத கையே தூய கை என்று எத்தனை மேடைகளில் இவளையே சான்றாக வைத்துப் பொருள் சொல்லியிருக்கிறேன்! இவள் முன்வரிசையில் அமர்ந்து தலையைக் குனிந்துகொள்வாள்.

உறைந்த உணவு பழைய உணவா? பகல் முழுவதும் இதனோடு மல்லாடினேன். உறைந்திருக்கும் காலத்தில் உணவுக்கு வயது ஏறுவதில்லை. சூடாக்கும் கணத்தில்தான் அது சமைத்ததாகிறது. ஆகவே அப்போது படைத்தால் போதும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வேறொருவர் மேடையில் இப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து நின்று மறுத்திருப்பேன்.

மார்ச் 4, புதன்

முதல் நாள் சமையல். பருப்பும் பூசணியும் கலந்த கெட்டிக் குழம்பு ஒரு பெரிய பானை. குழைந்த சோறு இன்னொரு பானை. இந்த இரண்டாண்டாக அன்றாடச் சமையலில் நறுக்குவது என் வேலை, மற்றதெல்லாம் இவள் கை. ஆனால் இவ்வளவு பெரிய பானையை இருவருமே கண்டதில்லை.

இவளை அடுப்பருகே நாற்காலியில் அமர்த்தினேன். வெங்காயத்தை நான் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "என்னங்க, அது செய்யுளா? சீர் பிரிச்சு அடுக்குறீங்க. சும்மா வெட்டிப் போடுங்க" என்றாள். எத்தனை நாளாயிற்று இவள் இப்படிப் பேசி! நான் சிரித்தேன். நெஞ்சு வலித்தது, ஆயினும் சிரித்தேன்.

எனக்குக் கடிகாரம் பார்த்துச் சமைக்கத் தெரியாது. பாராயணம் தெரியும். ஒரு பதிகத்தைக் கண்மூடி ஓதி முடித்தால் பருப்பு மலர்ந்திருக்கும். இரண்டு ஓதினால் பூசணி கரைந்திருக்கும். உப்பை மட்டும் இவள் பொறுப்பில் விட்டேன். "போதும்கற அளவுக்குப் போடும்மா" என்றால் ஒரு கணமும் தயங்காமல் சாடிக்குள் கைவிட்டு அள்ளிப் போடுகிறாள். மகன் பெயரை மறந்த மனம் அந்தக் கைக்குள் இருக்கும் அளவை மறக்கவில்லை.

பன்னிரண்டு டப்பாக்கள் நிறைந்தன. மிஞ்சியதை மாலையில் படைத்து உண்டோம். பழைய சுவை அப்படியே இருந்தது. இவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மார்ச் 5, வியாழன்

கீரையும் பயறும். பதினான்கு டப்பா. உண்பதற்கு நேற்றைய மிச்சமே இருந்தது — ஆம், நேற்றைய மிச்சம்! என் தீர்ப்புகள் ஒவ்வொன்றாக இளகுகின்றன — ஆகையால் இன்றையது முழுவதும் ஃபிரீசருக்கே.

ஒரு மகிழ்ச்சி. உப்புப் போட்டு முடித்து இவளை நாற்காலியில் அமர்த்திவிட்டு, பாராயணத்துக்குக் கண் மூடினேன். கண் திறந்தால் இவள் பானையருகே நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தானாகவே எழுந்து வந்திருக்கிறாள்! "என்னம்மா?" என்றேன். "சமையல் நடக்குது, நீங்க பாட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேருல ஒருத்தராவது பாக்க வேண்டாமா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. இல்லத்தரசி தன் இல்லத்துக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. நன்றி சொல்லி இன்னொரு பதிகம் ஓதினேன்.

மார்ச் 7, சனி

நேற்றும் இன்றும் உருளைக்கிழங்கு, கேரட், பருப்பு. எங்களுக்குக் கஞ்சியே போதும் என்று இதிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. நாற்பத்திரண்டும் நிறைந்தன. ஒவ்வொன்றின் மேலும் நாளும் வேளையும் உள்ளிருப்பதும் எழுதி ஒட்டினேன். மகன் கொண்டுவந்த பெட்டி ஃபிரீசரை மூடுவதற்குள் மூன்று முறை அடுக்கிக் கலைத்தேன். இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்குங்க இத்தன?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்."

"நீங்க?"

"நான் ஊருக்குப் போயிட்டு வந்துடுவேன்."

சற்று யோசித்தாள். "பிரசங்கமா? மேடைக்காரங்க ஏதாவது போடுவாங்க, சாப்பிட்டுக்கோங்க."

மார்ச் 8, ஞாயிறு

பார்த்துக்கொள்ளப் போகும் பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும்; வாய் ஓயாத, கை சுத்தமான பெண். செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீராவியில் சூடாக்குக, திருமுன் வைக்க, பின்னரே அம்மாவுக்குக் கொடுக்க, வேறு எவரும் நாவில் வைத்துப் பார்த்தல் கூடாது.

"சூடு சரியா இருக்கான்னு ஒரு சொட்டு பாக்கலாமில்ல ஐயா?"

"கையில் விட்டுப் பாரும்மா. நாவில் கூடாது."

"சரிங்க ஐயா. பேச்சுல என் வாய அடக்க முடியலன்னு எங்க வீட்டுல ஒரே புகார். இதுலயாவது அடக்கிக்கிறேன்" என்று சிரித்து, தாளை ஃபிரீசருக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

நாளை காலை புறப்பாடு.

மார்ச் 14, சனி

எழுத முடிகிறது. கோணல் எழுத்து. உயிரோடு இருக்கிறேன். இறைவனுக்கு நன்றி. அவள் எல்லா வேளையும் உண்கிறாளாம்.

மார்ச் 17, செவ்வாய்

மகன் வந்திருந்தான். ஞாயிறு முதல் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றான். முதல் வாய் வாங்கியதுமே தட்டைத் தள்ளுகிறாளாம். என் பிரிவு இப்போதுதான் அவளுக்குத் தைத்திருக்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

மார்புக் காயத்தில் சீழ். இன்னும் இரண்டு வாரம் இங்கேயே என்கிறார்கள்.

அந்தப் பெண்மணியோடு தொலைபேசியில் பேசினேன். "வாயில வெச்சதும் துப்பிடறாங்க ஐயா. பாலும் ரொட்டியும்தான் உள்ள போகுது. என்னமோ கடலு கடலுன்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல."

கடல்! பழம்பாடல்களில் பிரிந்தவனை எண்ணி இரங்குபவளுக்குப் புலவர்கள் வகுத்த இடம் கடற்கரைதானே. மொழியெல்லாம் உதிர்ந்த பின்னும் அந்த ஒரு சொல் அவளிடம் தங்கியிருக்கிறது. செவிலியிடம்கூட இதை விளக்கிச் சொன்னேன். அவர் "அப்படியா ஐயா" என்று நாடி பிடித்துப் பார்த்தார்.

மார்ச் 24, செவ்வாய்

நான்கு கிலோ குறைந்துவிட்டாளாம். அவளைப் பார்த்த மருத்துவர், இந்நோயில் உணவை மறுப்பது அடுத்த கட்டம் என்று சொல்லியிருக்கிறார். மகன் என் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து காலுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்தே பேசினான்.

"பத்து நாள் பொறுத்துப் பாத்துட்டேன்ப்பா."

"நான் வரும் வரை—"

"அதுவரைக்கும் தாங்குவாங்களா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லவேண்டியதை அவனே சொல்லட்டும் என்று நினைத்த கோழைத்தனம் என்னுடையது.

மார்ச் 26, வியாழன்

இல்லத்தில் சேர்த்துவிட்டான்.

ஏப்ரல் 4, சனி

வீடு திரும்பினேன். அவளுடைய செருப்பு வாசலில் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தப் பெண்மணி எனக்காக இருந்தார். கஞ்சி வைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், அவளுக்கென்று வைத்தது இருக்கிறதே என்றேன். பதினேழு டப்பாக்கள் எஞ்சியிருந்தன. அவள் உண்ணாமல் விட்டதை நானாவது உண்பது முறை என்று தோன்றிற்று. கீரையும் பயறும் என்று எழுதியிருந்ததைச் சூடாக்கித் தரச் சொன்னேன். முறைப்படி படைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

உப்பு.

துப்பினேன். திருமுன் வைத்த உணவைத் துப்பினேன். உப்பு, வெறும் உப்பு, ஐயோ, ஒரு வாய்கூட உள்ளே போகாது. வேறு டப்பா எடுக்கச் சொன்னேன். உருளைக்கிழங்கு. அதுவும். இன்னொன்று. அதுவும். நான் கண்ணை மூடி ஓதும்போதெல்லாம் அவள் எழுந்து வந்து, போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கிறாள். எத்தனை முறையோ. முதல் நாள் பன்னிரண்டு மட்டும் தப்பியிருக்கின்றன. ஆறு நாள். ஏழாம் நாள் முதல்—

கடல்னு சொன்னாளே. கடல்னுதானே சொன்னா. வேற எப்படிச் சொல்லுவா? உப்புங்கற சொல்லு மறந்துபோச்சு, பாவி, நான் அதுக்கு விளக்கம் சொன்னேனே செவிலிகிட்ட!

அந்தப் பெண்மணி ஒரு துளி எடுத்து நாவில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிற்று. விரலைக் கழுவினார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கு ஒரு தடவ தோணுச்சு ஐயா. ஒரு வாய் பாத்துடலாமான்னு. நீங்க எழுதினது சுவத்துல இருந்துச்சு."

ஏப்ரல் 5, ஞாயிறு

மிச்சமிருந்த பதினான்கையும் கொட்டினேன். உறைந்த கட்டிகள் தொட்டியில் கிடந்து கரைவதை நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தேன். பிரிவுக்கு வெயில் தகிக்கும் பாலையை வகுத்த பெரியோர் பனிக்கட்டியை அறியாதவர்கள்.

ஃபிரீசரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். இத்தனை நாள் அதன் முனகலோடா இருந்தோம்? வீடு இவ்வளவு ஓசையற்றதா?

ஏப்ரல் 6, திங்கள்

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, என் நெறி, நான் எழுதிய தாள், நான் கொடுத்த விளக்கம், அனைத்தும். "அம்மா சாப்பாட்டை மறுக்கவில்லை. கெட்டதை மறுத்தாள். அதற்கு அறிவு வேண்டுமல்லவா? அவளை அழைத்து வந்துவிடுவோம்" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று எண்ணியிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, அங்க நல்லா சாப்பிடுறாங்கப்பா. மூணு கிலோ ஏறியிருக்காங்க."

மகிழவேண்டிய செய்தி. யார் கைச் சோறோ அவளை வளர்க்கிறது. நான் மகிழவில்லை. இதையும் இங்கே எழுதிவைக்கிறேன். நாளை எவரேனும் என்னைச் சான்றோன் என்று புகழ்ந்தால் படித்துக்கொள்ள.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகனும் மருமகளும் அவளை ஒரு பிற்பகல் மட்டும் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். என் வற்புறுத்தலால்தான். பழகிய இடத்தைக் கண்டால் எல்லாம் திரும்பும் என்று நம்பினேன்.

கூடத்தில் நுழைந்ததும் நின்றுவிட்டாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறை வாசலில் மருமகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "இவங்க வீட்டுல நாம எதுக்கு நிக்கிறோம்? வா, வீட்டுக்குப் போயிடலாம். இருட்டிடும்" என்றாள். வெளியே நல்ல வெயில். "அத்த, இதுதான் உங்க வீடு" என்று மருமகள் சொல்ல, அவள் அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையின் அழுகை.

"அழைத்துப் போங்கள்" என்று நான்தான் சொன்னேன்.

வண்டியில் ஏறியதும் அழுகை நின்றுவிட்டதாம்.

ஏப்ரல் 13, திங்கள்

அவளை இனி இங்கே கொண்டுவரக் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வியாழன்தோறும் நடக்கும் பிரசங்கத்தை மீண்டும் தொடங்கக் கேட்டு இருவர் வந்தனர். உடல்நிலையைக் காரணம் சொன்னேன். முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. தூய கையைப் பற்றி இனி நான் எந்த மேடையில் ஏறிப் பேசுவேன்?

நெறி தவறு என்று நான் சொல்லவில்லை. சுவைக்காமல் சமைக்க அவளுக்குத் தகுதி இருந்தது. அந்தத் தகுதி அவளிடமிருந்து நழுவுவதைக் கண்ணால் கண்டும் நெறியை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இறைவன் முன் வைத்தேன், வைத்தேன் என்கிறேனே, வைத்தது எதை? அவளுடைய பசியையல்லவா வைத்தேன்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று முதல் சுவைத்துப் பார்த்த பின்பே படைக்கிறேன். இறைவன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

மே 11, திங்கள்

இல்லத்தின் மேற்பார்வையாளரைப் பார்த்துப் பேசினேன். பகல் உணவு வேளையில் உறவினர் வரலாம். வீட்டிலிருந்து கொண்டுவருவதைச் சமையலறையில் காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்றார். வாரத்தில் மூன்று நாள் கேட்டு வாங்கினேன். அவர் என் மார்புத் தழும்பு சட்டைக்கு மேலே தெரிவதைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் சமைச்சு எடுத்துட்டு வர உங்களால முடியுமா ஐயா?" என்றார். ஞாயிறன்று மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொள்வேன், பழக்கம் உண்டு என்றேன்.

மே 17, ஞாயிறு

ஃபிரீசரை மறுபடியும் இயக்கினேன். ஆறு டப்பா, இரண்டு வாரத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து, சுவைத்து, பிறகே மூடினேன். பாராயணம் உண்டு, கண்ணைத் திறந்துகொண்டு.

மே 29, வெள்ளி

நேற்று பாதி உண்டாள். இன்று முழுவதும்.

என்னை யாரென்று அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

ஜூன் 10, புதன்

இல்லத்தின் உணவறையில் நீண்ட மேசைகள். சன்னலோரத்தில் அவளுக்கென்று ஓர் இடம். ஏப்ரனும் தலையில் துணியும் இல்லாமல் எவரையும் பரிமாறவிடுவதில்லை என்பதால் நானும் அணிந்துகொண்டேன். பக்கத்தில் அமரும் முதியவர் என்னைப் பார்த்து, "புதுச் சமையல்காரரா? எனக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன்" என்றார். "அவருக்குக் குடுக்காதீங்க, அவருக்குச் சர்க்கரை இருக்கு. கேட்டுக்கிட்டே இருப்பாரு" என்று இவள் தடுத்தாள். கலகலவென்று இருக்கிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

பருப்பும் பூசணியும் கொண்டு போயிருந்தேன். ஒரு வாய் உண்டாள். கரண்டியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க செஞ்சதா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்கு. உப்பு சரியா இருக்கு." மீண்டும் உண்டாள். பாதியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைக் கையசைத்து அருகே அழைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒரு உதவி செய்வீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கரண்டி எடுத்து வைங்க. வெளியூர் போயிருக்காரு, வந்துடுவாரு. பெரிய படிப்பாளி, ஆனா அடுப்பு பத்தவைக்கக்கூடத் தெரியாது. நான் இல்லன்னா பட்டினிதான் கிடப்பாரு."

சரி என்றேன். ஒரு கிண்ணம் எடுத்து வந்து, அவள் பார்க்கும்படி இரண்டு கரண்டி வைத்தேன்.

"இன்னொண்ணு வைங்க. கேக்கக் கூச்சப்படுவாரு."

இன்னொன்று வைத்தேன்.

"மூடி வைங்க, ஆறிடும்."

மூடி வைத்தேன்.